மழை நாளிலும் திறக்க வேண்டிய தளம்: செங்கோட்டையில் ஒரு சொந்த சர்வர்

செங்கோட்டை வட்டாரத்தின் மழை அளவு, குளங்களின் நிலை, குண்டாறு, அடவிநயினார் அணைகளின் நீர்மட்டம், கார், பிசான சாகுபடிகளின் போக்கு ஆகியவற்றை எழுதிவரும் என் வலைத்தளம், என் வீட்டிலுள்ள ஒரு சிறு கணினியில் உருவாகிறது. அதை அமைத்த விதத்தையும் பராமரிக்கும் முறையையும் இங்கே எழுதிவைக்கிறேன். இந்தத் தளத்துக்கு ஒரு தனி நிபந்தனை உண்டு. இதை நாடி ஆட்கள் வருவது பெரும்பாலும் பெருமழை நாளில். மேக்கரையிலும் புளியரையிலும் வயல் வைத்திருப்பவர்களும், கணவாய்க்கு அப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கம் பிழைப்புக்குப் போய்க் குடியிருக்கும் இவ்வூர்க்காரர்களும், அணையில் எத்தனை அடி நிற்கிறது, எந்தக் குளம் மறுகால் பாய்கிறது என்று அன்றைக்குத்தான் பார்க்கிறார்கள். மின்சாரமும் இணையமும் அறுந்துபோவதும் அதே நாளில்தான். கீழே சொல்லப்போகும் முடிவுகளில் பலவும் இந்த முரணிலிருந்து பிறந்தவை.

இலவசமாக இடம் தரும் சேவைகள் இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஜியோசிட்டீஸ் 2009-இல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-இலும் யாஹூ குழுமங்கள் 2020-இன் இறுதியிலும் மறைந்தன. ஒவ்வொன்றோடும் தமிழில் எழுதப்பட்ட எவ்வளவோ உரையாடல்கள் போய்விட்டன. மழைக்கணக்கு என்பது பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால்தான் பயன்தரும் பொருள். ஆகவே எழுத்து என்னிடம் எளிய உரைக் கோப்புகளாக இருக்க வேண்டும், அதை வெளியிடும் இயந்திரம் எந்த நாளும் மாற்றத்தக்கதாக இருக்க வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

கணினியாக 4 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியை எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பும் இருந்தது. மின்சாரம் போனால் அதன் பேட்டரியே தாங்கும் என்பது பெரிய வசதி என்றாலும், ஆண்டு முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் லித்தியம் பேட்டரி உப்பிவிடும் அபாயம் உண்டு. ஆள் கண்ணில் படாத அலமாரியில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ராஸ்பெர்ரி பை சராசரியாக 5 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான் ஆகும்.

இந்தக் கணினி வழக்கமாக மெமரி கார்டிலிருந்து இயங்கும். இடைவிடாமல் எழுதப்படும் பதிவுகளாலும் திடீர் மின்தடையாலும் மெமரி கார்டு விரைவில் கெட்டுப்போகக்கூடியது என்பதால், யூஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்திலிருந்து தொடங்கும்படி அமைத்தேன். நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்து இந்தக் கணினி தரும் மின்னோட்டம் 1.2 ஆம்பியர் மட்டுமே. குறைந்த மின்சாரம் எடுக்கும் எஸ்எஸ்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். எஸ்எஸ்டியை யூஎஸ்பியோடு இணைக்கும் அடாப்டர்களில் சில இந்தக் கணினியோடு ஒத்துப்போவதில்லை என்பதையும் கருத வேண்டும். முக்கியமல்லாத பதிவுகள் தற்காலிக நினைவகத்திலேயே தங்கும்படி மாற்றியது எழுதும் சுமையை மேலும் குறைத்தது.

மின்சாரப் பகுதிக்குத்தான் அதிகக் கவனம் தேவைப்பட்டது. இந்தக் கணினிக்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அதற்குரிய சார்ஜரே வேண்டும். போன் சார்ஜரில் போட்டாலும் ஓடும். ஆனால் மெல்லிய நீள ஒயரில் மின்னழுத்தம் இறங்கி 4.63 வோல்ட்டைத் தொட்டதும் கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, எஸ்எஸ்டி இடையிடையே தொடர்பறுந்து போகிறது. காரணம் புரியாத கோளாறு எது வந்தாலும், மென்பொருளைக் குடைவதற்கு முன் கணினியின் குறை மின்னழுத்த எச்சரிக்கையைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும். அடுத்தது இன்வெர்ட்டர். சாதாரண நிலையில் அது பேட்டரிக்கு மாறும் இடைவெளி விளக்குக்கும் மின்விசிறிக்கும் தெரியாது. ரவுட்டர் அதற்குள் அணைந்து எழுந்துவிடும். இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள யூபிஎஸ் நிலைக்கு மாற்றியபின் அந்தத் தொல்லை நின்றது. ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் வைத்தது கூடுதல் காப்பு.

மேற்குமலை ஓரத்தில் ஐப்பசி, கார்த்திகை மாத மாலைகளில் இடி இறங்கும் விதத்தை இங்குள்ளவர்கள் அறிவார்கள். சர்ஜ் காப்பான் பொருத்தச் சொன்னபோது எங்கள் எலெக்ட்ரீஷியன், “முதல்ல எர்த்தைப் பாப்போம் அண்ணாச்சி, அது சரியில்லாம மேல என்னத்த மாட்டினாலும் பிரயோசனம் இல்ல” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. சர்ஜ் காப்பான் செய்வதெல்லாம் மிகை மின்னழுத்தத்தை நிலத்துக்குத் திருப்பிவிடுவதுதான். போவதற்குப் பாதை இல்லையென்றால் அது கருவிக்குள்ளேயே பாயும். பழைய எர்த் குழியைத் தோண்டி, குழாயை மாற்றி, கரியும் உப்பும் இட்டு நிரப்பி, மீட்டரில் 5 ஓமுக்குக் கீழே காட்டியபிறகுதான் காப்பானைப் பொருத்தினார். ஃபைபர் கம்பி கண்ணாடி என்பதால் மின்னலை அது வீட்டுக்குள் கொண்டுவராது. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பி அப்படியல்ல. பயன்பாட்டில் இல்லாமல் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த அதை வீட்டுக்கு வெளியிலேயே துண்டித்து எடுத்துவிட்டோம். மாடிக்குப் போகும் நீளமான லேன் கேபிளும் அதே வகை ஆபத்தை உடையது. அதற்குப் பதில் வைஃபையே போதும் என்று விட்டேன்.

குற்றாலச் சாரல் காலத்து ஈரம் இன்னொரு எதிரி. மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, உள்ளறையில், மின்விசிறி இல்லாத அலுமினியக் கூட்டில் கணினியை வைத்தேன். விசிறி வைத்த கூடு ஈரக்காற்றையும் தூசியையும் உள்ளே இழுக்கும். எறும்புகளுக்கு இந்தச் சூடு மிகவும் பிடிக்கும் என்பதால் துளைகளுக்கு மெல்லிய வலை ஒட்ட வேண்டியிருந்தது.

இனி மென்பொருள். 2003-இல் வந்த வேர்ட்பிரஸ் நல்ல கருவி. பலர் சேர்ந்து எழுதும் இதழுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் அது வாசகர் கேட்கும்போதெல்லாம் தரவுத்தளத்தில் தேடிப் பக்கத்தைத் தயாரித்துத் தருவது. அதற்குத் தரவுத்தளமும் பிஎச்பி என்ற நிரல்மொழியும் செருகுநிரல்களும் எப்போதும் புதுப்பிக்கப்பட்டபடி இருக்க வேண்டும். ஒருவர் எழுதும் மழைக்குறிப்புக்கு அது தேவையில்லை. 2013-இல் வெளிவந்த ஹியூகோ, உரைக் கோப்புகளைப் படித்து முழுத்தளத்தையும் ஒரே மூச்சில் ஆயத்தப் பக்கங்களாக ஆக்கிவிடுகிறது. சர்வருக்கு மிஞ்சும் வேலை, இருக்கும் கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டுமே. ஹியூகோ ஒரே ஒரு கோப்பாக வரும் நிரல் என்பது எனக்கு முக்கியம். என் தளத்தை உருவாக்கும் பதிப்பை எழுத்துகளோடு சேர்த்தே பாதுகாக்கிறேன். புதுப் பதிப்புகளில், பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருக்கள் உடைவது உண்டு. பிறர் செய்த அலங்கார வார்ப்புருவை எடுத்தால் அதைச் சரிசெய்வதும் பிறர் கையில் போய்விடும் என்பதால், சில பக்கங்களே கொண்ட எளிய வார்ப்புருவை நானே எழுதிக்கொண்டேன்.

ஹியூகோவில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஓர் அமைப்பு நேரம். காலை 9 மணிக்கு எழுதிய குறிப்பில் நேர மண்டலம் குறிக்கப்படாவிட்டால், ஹியூகோ அதைக் கிரீன்விச் நேரமாகக் கொள்கிறது. நம் கணக்கில் அது பிற்பகல் 2.30. வருங்காலத் தேதியுள்ள குறிப்பை அது வெளியிடாது. ஆகவே குறிப்பு எங்கே போயிற்று என்று தேட நேரும். மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். இந்திய வானிலைத் துறை மழையை முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை என்று கணக்கிடுகிறது; என் குறிப்பு காலையிலேயே வர வேண்டியதாகையால் இது எனக்குச் சிறு விஷயமல்ல.

தமிழ் எழுத்தைச் சார்ந்த வேலைதான் இந்தத் திட்டத்தில் மிகுந்த சுவையுடையது. என் பழைய குறிப்புகளில் ஒரு பகுதி திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையின் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கும். ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பு முதலிலும் ககரம் அடுத்தும் காலெழுத்து கடைசியிலும் வரும். இன்று எங்கும் புழங்கும் குறியீட்டு முறையான யூனிக்கோடில் மெய்யெழுத்து முதலில், உயிர்க்குறி பின்னால். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்ற வேண்டும். யூனிக்கோடுக்குள் வந்தபிறகும் சிக்கல் தீர்வதில்லை. ‘ஓ’காரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. நேரடியாகத் தேடும் நிரலுக்கு அவை வேறு வேறு. சிலர் ‘ஔ’காரக் குறியின் இறுதியில் ளகரத்தையே தட்டிவிடுகிறார்கள். ‘ஸ்ரீ’ எழுத்தின் நிலையும் இதுதான்: 2005-இல் யூனிக்கோடில் தனிச் சகரம் ஒன்று சேர்ந்தபின் அதற்கு இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. தளத்தை உருவாக்குவதற்கு முன் ஒவ்வொரு கோப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரலை ஓடவிடுகிறேன். மேக்கரை ஓடை பற்றித் தேடுபவருக்குப் பாதிக் குறிப்புகள் மட்டும் கிடைத்தால், மீதியை எழுதியிருந்தும் இல்லாததற்குச் சமம்.

முகவரிகளில் தமிழ் எழுத்தை வைக்க விரும்பினேன், ஆராய்ந்தபின் விட்டுவிட்டேன். யூனிக்கோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் எடுக்கும். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதையடுத்து இரண்டு எழுத்துகளுமாக விரியும். ‘செங்கோட்டை’ என்பதில் 10 குறியீடுகள் உள்ளன. செய்தியில் ஒட்டி அனுப்பும்போது அது 90 குறிகள் நீளமுள்ள, யாருக்கும் படிக்க முடியாத சரமாகிவிடலாம். பாதைகளில் உச்சரிப்புக் குறிகளை நீக்கும் ஓர் அமைப்பும் ஹியூகோவில் உண்டு. பிரெஞ்சு எழுத்துக்காக வைத்த அது நம்முடைய புள்ளியையும் ஈகாரக் குறியையும் சேர்த்தே உதிர்த்துவிடும். ஆண்டு, மாதம், நாள் என்று எண்களாலேயே முகவரி அமைத்தேன். மழைக்கணக்குக்கு நாளே தலைப்பு. எண் எந்தக் கருவியிலும் உடையாது.

எழுத்துருவைத் தளத்திலிருந்து அனுப்புவதில்லை. ஆண்ட்ராய்டு போன்களில் நோட்டோ தமிழ் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா இருக்கிறது. மழை நாளில் ஒற்றைக் கோட்டுச் சிக்னலில் திறப்பவருக்கு எழுத்துரு இறங்கும் நேரமே பெருஞ்சுமை. வரி இடைவெளியை மட்டும் எழுத்து அளவில் 1.75 மடங்காக வைத்தேன். கொம்பும் சுழியும் மேல் வரியில் இடிக்காமல் இருக்க இது வேண்டும். சாய்வெழுத்தை நீக்கிவிட்டேன். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் தனிச் சாய்வு வடிவம் இல்லாததால் உலாவி எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது. அது படிக்க அழகாக இல்லை.

வீட்டுக் கணினியை வெளியுலகம் எட்டுவதில்தான் முதல் தடை வந்தது. எங்கள் இணைய இணைப்பில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி தரப்படுவதில்லை. ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கியது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதற்கென 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி அது. அதற்குள் இருக்கும் சர்வரை வெளியிலிருந்து யாரும் நேராக அழைக்க முடியாது. ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி ஒரு வழி என்றாலும், அது இல்லாத இணைப்புகளிலிருந்து வருபவர்களுக்குக் கதவு மூடியே இருக்கும். எனவே மும்பையில் ஒரு மிகச் சிறிய வாடகை சர்வரை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற நிரலால் மறையாக்கம் செய்த தனி இணைப்பு, அதாவது ஒரு சுரங்கம் அமைத்தேன். இதில் இரண்டு நுட்பங்களை எழுதிவைப்பது பயன்படும். முதலாவது, பொதி அளவு, அதாவது ஒரு தடவையில் அனுப்பும் தரவின் அளவு. வயர்கார்டின் இயல்பான அளவு 1420 பைட். நம்மூர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் உள்ள பிபிபிஓஇ என்ற இணைப்பு முறை 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1412 என்று குறைக்க வேண்டும். இல்லையென்றால் சிறு பக்கங்கள் திறக்கும், படமுள்ள பக்கங்கள் பாதியில் நின்றுவிடும். இரண்டாவது, கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4-இல் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. மின்தடைக்குப் பின் எழும்போது கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து தொடரும். முன்னர் அனுப்பியதைவிடப் பழைய நேரத்தோடு வரும் கைகுலுக்கலை, அதாவது இணைப்பைத் தொடங்கும் அழைப்பை, வயர்கார்டு மோசடி என்று தள்ளிவிடும். ஆகையால் கணினி சரியான நேரத்தை இணையத்திலிருந்து பெறும்வரை சுரங்கம் திறப்பதில்லை. நாணய பேட்டரி போட்ட டிஎஸ்3231 கடிகாரத் தகடு ஒன்றைப் பொருத்தியதும் இது தீர்ந்தது. மழைமானிப் பதிவுகளின் நேரமும் நம்பத்தக்கதாயிற்று.

ஆயினும் இந்த அமைப்பில் அடிப்படைக் கேள்வி அப்படியே இருந்தது. வீட்டில் ஃபைபர் அறுந்தால் சுரங்கமும் அறும். பெருமழை நாளில் தளம் இருக்காது. பக்கங்கள் முன்பே ஆயத்தமானவை என்பதால் வாசகரைச் சுரங்கம் வழியாக வீடுவரை அழைத்துவரத் தேவையே இல்லை. வீட்டில் உருவாகும் பக்கங்களை மும்பை சர்வருக்கு ஆர்சிங்க் என்ற நிரல் கொண்டு நகலெடுத்து, அங்கிருந்தே கேடி என்ற சர்வர் நிரலால் வழங்கும்படி மாற்றினேன். பாதுகாப்பான இணைப்புக்காக லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு தரும் 90 நாள் சான்றிதழை கேடி தானே புதுப்பித்துக்கொள்கிறது. நகலெடுக்கும்போது, வீட்டில் நீக்கிய பக்கத்தை அங்கும் நீக்கும் வசதி உண்டு. ஏதோ காரணத்தால் உருவாக்கம் பாதியில் நின்றிருந்தால் அதே வசதி முழுத்தளத்தையும் துடைத்துவிடும். ஆகவே பக்கங்களின் எண்ணிக்கை முந்தைய முறையைவிடக் குறைந்திருந்தால் நிரல் நின்றுவிடும். புதிய பக்கங்கள் தனி அடைவில் முழுமையாகச் சேர்ந்தபின்தான் சுட்டி அதற்குத் திரும்பும். எழுத்துக் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியமும் ஹியூகோவும் அங்கே ஒரு பிரதி இருப்பதால், வீட்டில் எல்லாம் அணைந்திருக்கும்போதும் போன் சிக்னல் கிடைக்கும் இடத்திலிருந்து நான்கு வரி எழுதி வெளியிட முடிகிறது. வாடகை சர்வர் உள்ள தளத்தைச் சொந்த சர்வர் என்று சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த வாடகை இடம் நாளை போனாலும் வேறொரு இடத்தில் அன்றே எழுப்ப முடிகிறதென்றால் சொந்தம்தான் என்பது என் கருத்து.

பாதுகாப்பில் ஆயத்தப் பக்கங்களின் நன்மை சர்வர் பதிவுகளைப் பார்த்தால் விளங்கும். யாரென்று தெரியாத நிரல்கள் வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தையும், கடவுச்சொல் இருக்கக்கூடிய மறைகோப்புகளையும் ஓயாமல் கேட்கின்றன. இங்கே அவை எதுவும் இல்லை. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் வழியில் கடவுச்சொல்லை முடக்கி, சாவிக்கோப்பு மட்டும் ஏற்கும்படி செய்தேன். டெபியன் இயங்குதளத்தின் பாதுகாப்புப் புதுப்பித்தல்கள் தானாக நிறுவப்படுகின்றன.

காப்புப் பிரதிகள் மூன்று இடங்களில் உள்ளன: வீட்டு எஸ்எஸ்டி, மும்பை சர்வர், புனலூரில் மைத்துனர் வீட்டில் இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். மலைக்கு அந்தப் புறம் இருப்பதால் ஒரே இடி என் வீட்டையும் அதையும் சேர்த்துத் தாக்க வாய்ப்பில்லை. புகைப்படங்கள் பெரியவை என்பதால் அவற்றைக் கிட்டில் சேர்க்காமல் ரெஸ்டிக் என்ற காப்புப் பிரதி நிரல் மூலம் மறையாக்கம் செய்து அனுப்புகிறேன். ரெஸ்டிக்கின் கடவுச்சொல் தொலைந்தால் பிரதியும் தொலைந்ததே. அதைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். பிரதியிலிருந்து வெறுங்கணினி ஒன்றில் தளத்தை முழுமையாக எழுப்பிப் பார்ப்பது ஆண்டுதோறும் சாரல் தொடங்குமுன் செய்யும் வேலை. டொமைன் பெயரின் புதுப்பிப்புத் தேதியையும் அப்போதே பார்த்து, சில ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுகிறேன். ஐப்பசிக்கு முன் எர்த் அளவை மீண்டும் எடுத்து, குழியில் நீர் ஊற்றி, சிறு யூபிஎஸ்ஸின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அணைத்துப் பார்க்கிறேன்.

இப்போது கைவசம் உள்ள வேலை, திஸ்கியிலிருந்து மாற்ற வேண்டிய எஞ்சிய கோப்புகள். குண்டாறு நிரம்பிய தேதிகள் அவற்றில் இருக்கின்றன. அவற்றை மாற்றி முடித்ததும் பழைய ஆண்டுகளின் அட்டவணையைத் தளத்தில் சேர்ப்பேன்.